காலாவதியான அட்டையும் காலாவதியாகாத உரிமையும்



பருப்பு விலை, கப்பல் கூலி, பொங்கல் காலக் கொள்வனவு என்று வழமையாக எழுதுகிறவன் இம்முறை நிரந்தர வதிவிட அட்டையைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் பேச்சு வழக்கில் அது பி.ஆர். காட். ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் கடைகளுக்குச் சாமான் இறக்கப் போகும் நேரங்களில், விலைப்பட்டியலைப் பார்த்து முடிந்ததும் பலர் என்னிடம் கேட்பது இதைத்தான். "அண்ணை, காட் முடிஞ்சு போச்சு, புதுப்பிக்கப் போட்டு மாதக்கணக்காகுது, ஒரு பதிலும் இல்லை. நான் இப்ப இந்த நாட்டில சட்டப்படி இருக்கிறனா இல்லையா?" கேட்பவர்களில் கடை முதலாளியும் உண்டு, இறைச்சி வெட்டும் பகுதியில் வேலை செய்பவரும் உண்டு, பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்த தாயாரும் உண்டு.

நான் சட்டம் படித்தவன் அல்ல. ஊரில் பள்ளிக்கூடத்தோடு படிப்பு முடிந்தது. ஆனால் முப்பது வருடங்களுக்கு மேலாக அரசாங்கப் பத்திரங்களோடு மல்லுக்கட்டி வியாபாரம் செய்பவன். எது நிச்சயமோ அதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

கேள்விக்கு நேரடிப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அட்டை முடிந்தால் உரிமை முடிவதில்லை. நிரந்தர வதிவிட உரிமை ஒன்று, அதைக் காட்டுகிற அட்டை வேறொன்று. உரிமை போவதற்குச் சட்டத்தில் தனி வழிகள் உண்டு. வதிவிட நிபந்தனையை நிறைவேற்றவில்லை என்று இறுதியாகத் தீர்ப்பாக வேண்டும், அல்லது நாடுகடத்தல் உத்தரவு நடைமுறைக்கு வர வேண்டும், அல்லது நாங்களே எழுதிக் கொடுத்து விலக வேண்டும், அல்லது அகதியாக வந்தவர் தனது பாதுகாப்பு அந்தஸ்தை இழக்க வேண்டும். குடியுரிமை பெற்றவருக்கும் அது முடிந்துவிடும், அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படப் போவதில்லை. இந்தப் பட்டியலில் அட்டையின் திகதி முடிவது என்பது கிடையாது.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்திறங்கியவர்களுக்கு ஒரு விடயம் நினைவிருக்கும். அப்போது இந்த அட்டையே இல்லை. ஐ.எம்.எம். 1000 என்ற தாள் ஒன்றைத் தந்தார்கள். அதற்கு முடிவுத் திகதி கிடையாது. கடவுச்சீட்டோடு அந்தத் தாளையும் கொண்டு போய் வந்தோம். 2002 ஜூன் 28ஆம் திகதி புதிய குடிவரவு மற்றும் அகதிகள் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் இந்த அட்டை வந்தது. 2003 டிசம்பர் 31 முதல் விமானத்தில் திரும்பி வருகிறவர் அதைக் கட்டாயம் காட்ட வேண்டும் என்றார்கள். ஆக, அட்டை பிறந்ததே பிரயாணத்திற்காக. பெரும்பாலும் 5 வருடத்திற்குத் தருகிறார்கள்.

ஆனபடியால் அட்டை முடிந்தவர் இங்கே இருக்கலாம், வேலை செய்யலாம், கடை நடத்தலாம், வரி கட்டலாம். அவரால் முடியாதது ஒன்றே ஒன்றுதான். வெளிநாடு போனால் விமானம், பஸ், ரயில், கப்பல் எதிலும் ஏறிக் கனடாவுக்குத் திரும்ப முடியாது. அந்த ஒன்றே போதும், ஒரு கடையைக் கவிழ்க்க.

வேலையாட்களை நிறுத்தாதீர்கள்

முதலாளிமாருக்கு இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஒரு பெண் எனது பண்டகசாலைக்கு வேலை கேட்டு வந்தார். ஒரு பலசரக்குக் கடையில் ஏழு வருடம் காசு வாங்கும் இடத்தில் நின்றவர். கணக்கில் ஒரு சதம் பிசகியதில்லை என்று அந்தக் கடைக்காரரே பிறகு என்னிடம் சொன்னார். அட்டை முடிந்துவிட்டது, புதியது வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று நிறுத்தியிருக்கிறார்கள். சட்டப்பிரச்சினை வரும் என்று யாரோ பயம் காட்டியிருக்கிறார்கள். அவரோ வீட்டு வாடகைக்கு வழியில்லாமல் நான்கு மாதம் அலைந்திருக்கிறார். இப்போது எனது கணக்குப் பகுதியில் இருக்கிறார். நட்டம் யாருக்கு என்று அந்த நண்பருக்குத் தெரியும்.

வேலைக்கு உரிமையில்லாத ஒருவரை வைத்திருப்பது குற்றம் என்பது உண்மை. அதற்குப் பார்க்க வேண்டியது பி.ஆர். காட்டின் திகதியை அல்ல. சமூகக் காப்புறுதி இலக்கத்தைப் பாருங்கள். 9இல் தொடங்கும் இலக்கம் தற்காலிகமாக இருப்பவர்களுக்கு உரியது. அதற்கு முடிவுத் திகதி உண்டு, வேலை அனுமதிப் பத்திரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நிரந்தர வதிவாளரின் இலக்கம் 9இல் தொடங்காது, முடிவதும் இல்லை. மேலும் உறுதி வேண்டுமென்றால் அவர் வந்திறங்கியபோது கிடைத்த தாளைக் கேளுங்கள். பழையவர்களிடம் ஐ.எம்.எம். 1000 இருக்கும், பிறகு வந்தவர்களிடம் நிரந்தர வதிவிட உறுதிப்பத்திரம் இருக்கும். அந்தத் தாளைத் தொலைத்தவர்கள் 30 டொலர் கட்டி அந்தஸ்தை உறுதிப்படுத்தும் பத்திரம் ஒன்றைக் குடிவரவு இலாகாவிடம் எடுக்கலாம். அதைக் கொண்டு விமானம் ஏற முடியாது, ஆனால் உள்ளூர் அலுவல்களுக்கு உதவும்.

பயணம் போகிறவர்கள்

இனி, இந்தத் தாமதத்தால் உண்மையில் அடிபடுகிறவர்களைப் பற்றி.

சில்லறைக் கடை நடத்தும் ஒரு நண்பர், பெயர் வேண்டாம். கார்த்திகை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் தாயார் காலமானார். அட்டையில் ஐந்து கிழமை மிச்சம் இருந்தது. அந்த நேரத்தில் யார் அட்டையைப் பார்ப்பார்கள்? அடுத்த விமானத்தில் போய்விட்டார். செத்தவீடு முடிந்து, எட்டு முடிந்து, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியையும் முடித்துக்கொண்டுதான் வரலாம் என்று சகோதரர்கள் சொன்னார்கள். அதுவும் நியாயம்தான். பிறகு காணி எழுத்து அலுவல் ஒன்று இரண்டு கிழமையை விழுங்கியது. கட்டுநாயக்காவில் விமான நிறுவனத்தார் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு ஏற்ற முடியாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, பத்திரமில்லாத ஆளைக் கொண்டு வந்தால் தண்டம் அவர்களுக்குத்தான்.

இங்கே தைப்பொங்கல் வியாபாரம். பச்சையரிசி, பயறு, சர்க்கரை, பானை எல்லாம் வந்து இறங்குகிற நேரம். மனைவியும் பல்கலைக்கழகம் போகும் மகனும் கடையைப் பார்த்தார்கள். யாருக்கு எவ்வளவு கடன், எந்தக் கம்பனிக்கு எந்தத் திகதியில் காசோலை என்பதெல்லாம் நண்பரின் தலைக்குள்ளேதான் இருந்தது. இரண்டு காசோலைகள் திரும்பின. அவருக்குச் சாமான் கொடுப்பவர்களில் நானும் ஒருவன் என்றபடியால் எனக்கு முழுக்கதையும் தெரியும். எங்களைப் போன்றவர்கள் பொறுத்தோம், எல்லோரும் பொறுக்கவில்லை.

இப்படி அகப்பட்டவர்களுக்கு ஒரே வழி, நிரந்தர வதிவாளர் பிரயாணப் பத்திரம். கட்டணம் 50 டொலர். அதைக் கனடாவுக்கு வெளியே இருந்துதான் கேட்கலாம், போகும் முன்பே இங்கிருந்து எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. சாதாரணமாக ஒரு தடவை திரும்பி வருவதற்கு மட்டுமே செல்லும். அதைத் தருவதற்கு முன் அதிகாரி உங்கள் வதிவிட நாட்களையும் கணக்குப் பார்ப்பார். நாட்கள் போதாது என்று மறுத்தால், எழுத்தில் முடிவு கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்கு முறையிடலாம்.

"அமெரிக்கா போய் பஃபலோவில் இருந்து காரில் வந்தால் சரிதானே" என்று தேநீர்க் கடைகளில் ஒரு ஆலோசனை சொல்வார்கள். தரை எல்லையில் சொந்த வாகனத்தில் வருகிற நிரந்தர வதிவாளர், காலாவதியான அட்டையையும் வந்திறங்கிய தாளையும் கடவுச்சீட்டையும் காட்டி உள்ளே வரலாம் என்பது உண்மைதான். ஆனால் அமெரிக்காவுக்குள் முதலில் போக வேண்டுமே! இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவருக்கு அமெரிக்க விசா வேண்டும். கையில் அந்த விசா ஏற்கெனவே உள்ளவருக்கு மட்டும் பொருந்துகிற கதையை எல்லோருக்கும் சொல்லி ஆளைக் கெடுக்கக் கூடாது.

இன்னொரு குழப்பமும் அமெரிக்காவில் இருந்துதான் வருகிறது. நியூஜேர்சியில் உள்ள உறவினர் தனது கிறீன் காட்டைப் புதுப்பிக்கப் போட்டவுடன் ஒரு ரசீது வந்தது என்றும், அதோடு தாராளமாகப் போய் வருகிறார் என்றும் சொல்வார். சரிதான். 10 வருடக் கிறீன் காட்டைப் புதுப்பிக்க விண்ணப்பித்தவருக்கு அமெரிக்க இலாகா கொடுக்கும் ரசீது, பழைய அட்டையின் காலத்தை நீடிக்கிறது. 2024 செப்டெம்பரில் அந்த நீடிப்பை 36 மாதமாக்கினார்கள். கனடாவில் அப்படி ஒன்றும் கிடையாது. விண்ணப்பம் கிடைத்தது என்று வரும் கடிதம், கிடைத்தது என்பதற்கு மட்டுமே அத்தாட்சி. அதை விமான நிலையத்தில் காட்டிப் பயனில்லை. இலாகாவின் தாமதத்திற்கு நாங்கள் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று எனக்கும் கோபம் வருவதுண்டு. அயல் நாடு செய்வதை இவர்களும் செய்யலாம். செய்யும்வரை நடைமுறை இதுதான்.

எப்போது விண்ணப்பிப்பது

அட்டை முடிய 9 மாதத்திற்குக் குறைவாக இருக்கும்போது விண்ணப்பிக்கலாம். அந்த 9ஆவது மாதத்தின் முதற் கிழமையிலேயே போட்டுவிடுங்கள். சாமான் முடிந்த பிறகு கொள்கலனுக்கு ஓடர் கொடுக்கிற வியாபாரி எங்களில் எவரும் இல்லை. கடலில் எத்தனை கிழமை, துறைமுகத்தில் எத்தனை நாள் என்று கணக்கிட்டு முன்கூட்டியே கொடுக்கிறோம். அதே கணக்குத்தான் இதற்கும். இலாகா தனது இணையத்தளத்தில் போடும் காலம் கூடும், குறையும். பெருந்தொற்றுக் காலத்தில் தேங்கிய கோப்புகளால் 2021, 2022இல் எத்தனையோ பேர் காத்துக் கிடந்தோரை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஒரு கோப்பை மேலதிக விசாரணைக்கு ஒதுக்கினால் அந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது.

விண்ணப்பப் படிவம் ஐ.எம்.எம். 5444, சரிபார்ப்புப் பட்டியல் ஐ.எம்.எம். 5644. கட்டணம் ஆளுக்கு 50 டொலர். இணையம் மூலமும் போடலாம். தபாலில் போவது நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் சிட்னி நகருக்கு. படம் 50க்கு 70 மில்லிமீற்றர், கடவுச்சீட்டுப் படம் எடுக்கும் இடத்தில் பி.ஆர். காட்டுக்கு என்று சொல்லி எடுங்கள். கையொப்பமோ படமோ பிழையென்றால் முழுவதையும் திருப்பி அனுப்புவார்கள், பிறகு வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். 50 டொலர் அலுவலுக்கு 500, 600 டொலர் வாங்கிப் படிவம் நிரப்புகிறவர்கள் எங்கள் கடைத் தொகுதிகளிலேயே இருக்கிறார்கள். காசு வாங்கி இந்த அலுவலைச் செய்ய உரிமையுள்ளவர்கள் சட்டத்தரணிகள், அவர்களின் சங்கத்தில் பதிந்த சட்டத்துணைவர்கள், 2021இல் தொடங்கிய குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர்கள் ஆகியோர் மாத்திரமே. உரிம இலக்கத்தைக் கேளுங்கள். கேட்டவுடன் முகம் மாறினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நாட்கணக்கு

படிவத்தில் கடினமான பகுதி, கடந்த 5 வருடத்தில் வெளிநாடு போன ஒவ்வொரு பயணத்தின் திகதியையும் எழுதுவது. சட்டத்தின் 28ஆவது பிரிவு கேட்பது 5 வருடத்தில் 730 நாட்கள் கனடாவில் இருந்திருக்க வேண்டும் என்பதே. வருடத்திற்கு மூன்று மாதம் கொழும்பு, சென்னை, தூத்துக்குடி என்று கொள்வனவுக்குச் சுற்றுகிறவருக்குப் பயமில்லை. 5 வருடத்தில் அவர் வெளியே இருந்தது 15 மாதம், உள்ளே இருந்தது 45 மாதம். வருடத்தில் எட்டு மாதம் ஊரில் தென்னந்தோட்டம் பார்க்கிறவர் யோசிக்க வேண்டும். அவருக்கு உள்ளே 20 மாதம்தான் வரும், தேவையானதோ 24 மாதம்.

வியாபாரிகளிடையே நிலவும் ஒரு தப்பான எண்ணத்தை இங்கே சொல்ல வேண்டும். "நான் கனடாக் கம்பனிக்காகத்தானே வெளியே நிற்கிறேன், அந்த நாட்கள் சேரும்" என்கிறார்கள். உண்மையான கனடிய நிறுவனம் ஒன்று தனது முழுநேர ஊழியரை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பினால் அந்த நாட்கள் சேரும். ஆனால் முக்கியமாக வதிவிட நாட்களைக் காட்டுவதற்கென்றே பதிந்து வைத்த கம்பனியை விதிகள் ஏற்பதில்லை. ரொறன்ரோவில் ஒரு முகவரியும் ஒரு தொலைபேசியும் வைத்துக்கொண்டு டுபாயில் குடியிருப்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது. கனடியக் குடியுரிமை பெற்ற கணவனோடு அல்லது மனைவியோடு வெளிநாட்டில் வாழ்ந்த நாட்களும் கணக்கில் சேரும். பலருக்கு இது தெரியாது.

திகதிகளை நினைவில் இருந்து எழுதாதீர்கள். அவர்களிடம் பதிவு இருக்கிறது. நிரந்தர வதிவாளர் தரை எல்லையால் அமெரிக்காவுக்குள் போன விபரம் 2013 முதல் பரிமாறப்படுகிறது. விமானத்தில் வெளியேறும் விபரம் 2020 முதல் சேகரிக்கப்படுகிறது. நயாகரா தாண்டிச் சாமான் வாங்கப் போன ஒருநாள் பயணமும் அதில் இருக்கும். உங்கள் எழுத்துக்கும் அவர்கள் பதிவுக்கும் பொருந்தாவிட்டால் கோப்பு ஒதுங்கும், அங்கேதான் மாதங்கள் போகின்றன. ஐயமிருந்தால் எல்லைச் சேவைகள் முகவரகத்திடம் உங்கள் பிரயாண வரலாற்றைக் கேட்டு வாங்கி, அதைப் பார்த்து எழுதுங்கள். இனிமேலாவது கடைப் பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் போன நாள், வந்த நாள் என்று குறித்து வையுங்கள்.

அகதியாக வந்து நிரந்தர வதிவிடம் பெற்றவர்கள் அடுத்த பந்தியை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

2012 டிசம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, பாதுகாப்புக் கேட்ட நாட்டின் கடவுச்சீட்டைத் திரும்ப எடுத்து அதில் பயணம் செய்தவரின் அகதி அந்தஸ்தை நீக்கும்படி அரசு கேட்கலாம். நீக்கப்பட்டால் நிரந்தர வதிவிட உரிமையும் சேர்ந்தே போய்விடும். 730 நாட்கள் நிறையவே இருந்தும் இதில் தப்ப முடியாது. இலங்கைக் கடவுச்சீட்டில் ஊருக்குப் போய் வந்தவர்கள் பி.ஆர். காட் புதுப்பிக்க விண்ணப்பிக்கும்போதுதான் இந்த விசாரணை தொடங்குவதுண்டு. அப்படிப்பட்டவர்கள் படிவத்தைத் தொடுவதற்கு முன்பே குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். இதில் நண்பரின் அனுபவம் உங்களுக்கு உதவாது.

அவசரம் வந்தால்

மூன்று மாதத்திற்குள் போயாக வேண்டிய கட்டாயம் உள்ளவர்கள் அவசரமாகப் பரிசீலிக்கும்படி கேட்கலாம். மேலதிகக் கட்டணம் கிடையாது. குடும்பத்தவரின் கடும் நோய் அல்லது மரணம், தொழில் நிமித்தமான பயணம் போன்றவற்றை ஏற்கிறார்கள். கலியாணம், கோயில் திருவிழா என்று எழுதிப் பயனில்லை. பணம் முழுவதும் கட்டிய பயணச்சீட்டு, கட்டியதற்கான அத்தாட்சி, காரணத்தை விளக்கும் கடிதம், அதற்கான ஆதாரம் எல்லாம் சேர்ந்து போக வேண்டும். கொள்வனவுக்குப் போகும் வியாபாரி வெறுமனே "வியாபார விடயம்" என்று எழுதாமல், விற்பவரின் கடிதம், சந்திப்புத் திகதி, தனது வியாபாரப் பதிவு எல்லாவற்றையும் இணைத்தால் படிப்பவருக்கு விளங்கும். ஏற்கெனவே சாதாரணமாக விண்ணப்பித்துக் காத்திருப்பவரும் இடையில் இணையப் படிவம் மூலம் அவசரமாக்கும்படி கேட்கலாம். கேட்டால் கிடைக்கும் என்ற நிச்சயம் இல்லை.

இலாகா அறிவித்த காலம் தாண்டியும் சத்தமில்லை என்றால் உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் காரியாலயத்திற்குப் போங்கள். வாக்குப் போட உரிமை இல்லையே என்று தயங்க வேண்டாம், தொகுதியில் குடியிருந்தால் போதும். குடிவரவுக் கோப்புகளை விசாரிப்பது அவர்களின் அன்றாட வேலை. அங்கே ஆத்திரப்பட்டுக் கத்துவதிலும் பார்க்க, கோப்பு இலக்கமும் அனுப்பிய திகதியும் எழுதிய ஒரு தாளோடு போனால் அலுவல் நடக்கும். 5 டொலர் கட்டித் தகவல் பெறும் சட்டத்தின் கீழ் உங்கள் கோப்பின் குறிப்புகளையும் எடுத்துப் பார்க்கலாம். எந்த இடத்தில் நிற்கிறது என்பது அதில் தெரியும்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பாடுபட விரும்பாதவர்களுக்கு வேறொரு வழி, குடியுரிமை எடுப்பது. விண்ணப்பிக்கும் முன் 5 வருடத்தில் 1,095 நாட்கள் இங்கே இருந்திருக்க வேண்டும். ஆங்கிலம் தெரியாதே என்று ஒதுங்கியிருக்கும் பெற்றோருக்கு ஒரு நல்ல செய்தி: 55 வயதானவர்களுக்கு மொழித் தகைமையும் எழுத்துப் பரீட்சையும் கேட்பதில்லை. இது தெரியாமல் மூன்றாம் தரம், நான்காம் தரம் என்று அட்டை புதுப்பிக்கும் அம்மாமாரை நான் அறிவேன். இலங்கைக் குடியுரிமை போய்விடுமே என்பவர்கள் இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அந்த வசதி இல்லை, அவர்கள் யோசித்துச் செய்ய வேண்டும்.

கடைசியாகத் தபால் விடயம். அட்டை தபாலில்தான் வரும். கடைக்கு மேலே குடியிருந்துவிட்டு இடையில் வீடு மாறியவர்கள் உடனே இலாகாவுக்கு முகவரியை அறிவியுங்கள். தபால் கந்தோரில் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிட வேண்டாம். அட்டை அனுப்பப்பட்டதாகச் சொல்லியும் கைக்கு வராவிட்டால் அனுப்பிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். பிந்தினால் புதிதாகக் காசு கட்டி, புதிதாக வரிசையில் நிற்க வேண்டும். 2024 நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை கனடாத் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தபோது ஒரு மாதத் தபால் முழுவதும் அப்படியே முடங்கியது. அத்தகைய நாட்களில் விண்ணப்பிப்பவர்கள் இணையம் மூலம் அனுப்புங்கள். நத்தார் விடுமுறைக்குப் பயணச்சீட்டு எடுக்க நினைப்பவர்கள், அட்டை கையில் வந்து, அதில் உள்ள பெயரும் பிறந்த திகதியும் சரியா என்று பார்த்த பிறகு எடுங்கள்.